மார்ஸ்பரியில் எத்தனை வாசல்

சென்னப்பன் சீமையிலிருந்து எழுதிய முதல் கடிதத்தில் குளிரைப் பற்றி நாலு வரி இருந்தது, சாப்பாட்டைப் பற்றி மூன்று வரி. மீதி ஒன்றரைப் பக்கமும் எதிரில் இருந்த ஒரு கட்டடத்தைப் பற்றி. அவன் மனைவி முனிலட்சுமி அந்த ஒன்றரைப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள்.

எண்பத்தாறாம் வருஷத்துக் கடைசி அது. சென்னப்பன் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கம்பெனி இங்கிலாந்திலிருந்து புது மெஷின் ஒன்றை வாங்கியிருந்தது. அதைப் பிரிக்கவும் பூட்டவும் கற்றுக்கொண்டு வா என்று அவனை ஐந்து மாதத்துக்கு அங்கேயே அனுப்பிவிட்டார்கள். மெஷின் செய்கிற ஊருக்கு மார்ஸ்பரி என்று பேர். நம்ம தேன்கனிக்கோட்டையைவிடக் கொஞ்சம் பெரிய ஊர்தான், புதனும் சனியும் சந்தை கூடுகிறது, ஆடு மாடுகூட வருகிறது என்று எழுதியிருந்தான். ஹேரல்ட் என்கிற ஓய்வுபெற்ற தபால்காரர் வீட்டு மாடி அறையில் அவனுக்கு ஜாகை. ஜன்னலைத் திறந்தால் அந்தக் கட்டடம். நாற்பது ஐம்பது கடைகளுக்கும் சேர்த்து ஒரே கூரை. மழையோ பனியோ உள்ளே விழாது. வாங்காதவர்களும் சும்மா உள்ளே சுற்றிவிட்டு வரலாம், யாரும் கேட்பதில்லை. கட்டிப் பதினைந்து வருஷமாகிறதாம். இப்போது அதை ஒரு கம்பெனி விலைக்கு வாங்கி, புதுப்பித்து, ஊர்க்காரர்களுக்கே பங்கு போட்டு விற்கப் போகிறதாம். தபால்காரர் தன் ஓய்வுப் பணத்தை அதில் போடலாமா என்று தினமும் காலைச் சாப்பாட்டின்போது யோசிக்கிறார் என்று முடித்திருந்தான்.

முனிலட்சுமிக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அதே யோசனை அவள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது.

மூக்கண்டப்பள்ளிப் பக்கம் அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் கேழ்வரகு நிலம் இருந்தது. சுற்றிலும் ஃபாக்டரி வந்த பிறகு அங்கே கேழ்வரகு விதைப்பது அவர்களுக்கே விநோதமாகப் பட்டது. விற்றார்கள். பணம் பேங்கில் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ராமப்பன் என்கிற காண்ட்ராக்டர் ஒரு காம்ப்ளெக்ஸ் எழுப்ப ஆரம்பித்தார். கீழே பதினாறு கடை, மேலே பதினாறு கடை. ஓசூருக்கு அது புதுசு. அதுவரைக்கும் கடை என்றால் ரோட்டோரத்தில் தனித்தனியாக ஓடோ தகரமோ போட்டதுதான். உரக்கடை வைத்திருந்த அவள் அண்ணன் கங்கப்பன் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார். மெயின் ரோட்டைப் பார்த்த முதல் நம்பர் கடையைப் பிடித்துப் போடு, பெங்களூர் போகிறவன் வருகிறவன் எல்லாம் அதைத்தான் பார்ப்பான், யுகாதிக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் கைநழுவிப் போய்விடும் என்று.

முனிலட்சுமிக்கு அதில் மறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எந்தச் சாமானையும் நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் வாங்கிப் பழக்கமில்லாதவள். ஒரு பானை வாங்கினால்கூடத் தட்டி, கவிழ்த்து, உள்ளே தலையை விட்டுப் பார்ப்பாள். கட்டி முடிக்காத கடையை எப்படித் தட்டிப் பார்ப்பது? மார்ஸ்பரிக் கடைகளோ கட்டிப் பதினைந்து வருஷமானவை. அதைக் கேட்டால் என்ன என்று தோன்றியது.

நீல ஏர்மெயில் தாளில் வீட்டுச் சேதி இரண்டு வரி எழுதினாள். மீதி எல்லாம் கேள்வி. அந்தக் கட்டடத்துக்கு எத்தனை வாசல்? ஜனங்கள் எந்த வாசலில் நுழைகிறார்கள், எதில் வெளியே போகிறார்கள்? நுழையும்போது கைப்பை காலியா, நிறைந்திருக்கிறதா? சந்தை எந்தப் பக்கம், பஸ் எந்தப் பக்கம்? மாடிக்கு யார் ஏறுகிறார்கள்? பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட மூடாத கடை எது?

சென்னப்பனுக்கு முதலில் கூச்சமாக இருந்ததாம். அயலூரில் நின்றுகொண்டு ஜனங்களின் பையை எட்டிப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? தபால்காரரிடம் வேடிக்கையாகச் சொல்லிவைத்தான். அவர் சிரிக்கவில்லை. கேள்விகளை ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லச் சொல்லிக் கேட்டார். முப்பத்திரண்டு வருஷம் அந்த ஊரில் வீடுவீடாகத் தபால் போட்டவர், எந்தக் கடை எந்த வருஷம் பேர் மாறியது என்று அவருக்கு விரல்நுனியில் இருந்தது. ஆனால் வாசலை எண்ணியதில்லை. சனிக்கிழமை காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு, வா என்று சென்னப்பனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் வந்த இரண்டு கடிதங்களும் அதைப் பற்றியேதான். வாசல் மூன்று. பெரிய ரோட்டைப் பார்த்த முன்வாசல் முழுக்கக் கண்ணாடி, அதைக் கட்டத்தான் பாதிக் காசு போயிருக்கும். ஆனால் அங்கே பஸ் நிற்பதில்லை. காரில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போய்விடுகிறார்கள். முன்வாசலை ஒட்டிய ஐந்து கடைகளில் மூன்று கடைகள் தலா ஆறு தடவை கை மாறியவை. மாடியில் பாதிக்குமேல் காலி. இரண்டாவது வாசல் லாரியிலிருந்து சாமான் இறக்க. மூன்றாவது வாசல் மட்டும் ஒரு சந்து மாதிரி. பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் சந்தை மைதானம். எல்லாரும் அதன் வழியாகத்தான் போகிறார்கள், குளிருக்கு ஒதுங்கினாற்போலவும் ஆகிறது. அந்தச் சந்தில் சாவி வெட்டுகிறவன், செருப்புத் தைக்கிறவன், கம்பளி நூல் விற்கிற அம்மா, ஒரு டீக்கடை. நாலும் பார்க்க லட்சணமாக இல்லை, ஆனால் நாலும் கட்டடம் திறந்த நாளிலிருந்து மூடவே இல்லை. தபால்காரருக்கே இது ஆச்சரியம் என்று எழுதியிருந்தான். தினமும் அந்தச் சந்தில்தான் நானும் நடந்தேன், தெரியாமல் போயிற்றே என்றாராம்.

முனிலட்சுமி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

தை மாதம். எதிரில் வருகிற ஆள் தெரியாத அளவுக்குப் பனி. காம்ப்ளெக்ஸ் அப்போது தூண் மட்டத்தில் நின்றது. அதற்கு எதிர்ப்புறம் தளியிலிருந்து வந்து சாமந்தி விற்கிற பவளம் இருந்தாள், முனிலட்சுமிக்குப் பல வருஷப் பழக்கம். அவள் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டாள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று பூவும் கட்டிக் கொடுத்தாள். ஏழிலிருந்து பதினொன்று வரை. அப்படி ஒன்பது நாள்.

முதல் நாள் ஒன்றும் புரியவில்லை. ஜனங்கள் எறும்பு மாதிரி நாலாபக்கமும் போனார்கள். மூன்றாவது நாள்தான் கண்ணுக்குப் பாதை தெரிய ஆரம்பித்தது. பெங்களூர் பஸ்ஸுக்கு வருகிறவர்கள் மெயின் ரோட்டோரமாக வந்தார்கள், ஆனால் ஓட்டமாக வந்தார்கள். அவர்கள் கண் பஸ் போர்டில் இருந்தது, கடையில் இல்லை. தளி பஸ்ஸும் தேன்கனிக்கோட்டை பஸ்ஸும் வந்து நின்றால் கதை வேறு. இறங்கியவர்கள் பெரும்பாலும் பொம்பளைகள். கையில் கூடை, இடுப்பில் பிள்ளை. அவர்கள் ரோட்டுப் பக்கமே போகவில்லை. ராமப்பன் கட்டடத்தைச் சுற்றி, பின்னால் இருந்த சேற்றுச் சந்தில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பாதிப் பேர் சந்தைக்கு, பாதிப் பேர் கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு.

சிலரை நிறுத்திக் கேட்டாள். எங்கே போறீங்க, என்ன வாங்குவீங்க, அவசரத்தில் என்ன மறந்துட்டு வந்தீங்க என்று. பாதிப் பேர் கன்னடத்தில் பதில் சொன்னார்கள், பாதிப் பேர் தெலுங்கில். தமிழோடு சேர்த்து மூன்றும் அவளுக்கு ஒன்றுதான். ஒருத்தி புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள், வெந்நீர் வாங்க ஒரு ஃபிளாஸ்க் இல்லை. இன்னொருத்திக்கு மருமகள் பிரசவம், பழந்துணி போதவில்லை. தட்டு, டம்ளர், பாய், துண்டு, சோப்பு. ஊரில் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது, இங்கே ஒரு டம்ளருக்கு எங்கே போவது என்று கேட்டார்கள்.

பத்தாவது நாள் அவள் ராமப்பனைப் பார்க்கப் போனாள். செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டட வரைபடத்தைக் காட்டச் சொன்னாள். அவர் மேஜைமேல் விரித்து, சந்தோஷமாக ஒன்றாம் நம்பர் கடையில் விரலை வைத்தார். முனிலட்சுமி பின்பக்கச் சுவரில் விரலை வைத்தாள்.

"இங்க வழி இல்லீங்களா?"

"பின்னாலயா? அங்க சேறும் சாக்கடையும்தானேம்மா. அதைப் பாத்து யாரு கடை வெப்பாங்க?"

"ஜனங்க அதுலதான் போறாங்க. உள்ளாற ஒரு வழி விட்டீங்கன்னா பஸ்ஸுல இறங்கி இதுக்குள்ள பூந்து அந்தாண்ட போவாங்க. சேத்துல கால் வெக்க வேணாம்."

ராமப்பன் தன் தலையைத் தடவிக்கொண்டார். வழி விட்டால் ஒரு கடை போய்விடும், அந்த நஷ்டத்தை யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். முனிலட்சுமி அதற்கும் யோசித்து வைத்திருந்தாள். மாடிப்படிக்குப் பின்னால், இருட்டு மூலையில் இருந்த பதினோராம் நம்பர் கடையை அதுவரை யாரும் கேட்கவில்லை. வழி அதன் ஓரமாகத்தான் போகும்.

"வழி விடுங்க. அந்தப் பதினொண்ணை நான் எடுத்துக்கறன். நீங்க சொல்ற வெலைக்கே எடுத்துக்கறன்."

அவர் மறுபடியும் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். யார் இதைச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். சீமையில் ஒரு தபால்காரர் என்றாள் அவள். கேலி செய்கிறாள் என்று நினைத்து அவர் முகம் சுருங்கியது. பிறகு அவள் மார்ஸ்பரியின் மூன்று வாசலையும் செருப்புத் தைக்கிறவனையும் பற்றிச் சொல்லச் சொல்ல, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த ஊரில் வாடகை எப்படி, தண்ணீர் வசதி எப்படி, கூரை என்ன சாமானில் போட்டிருக்கிறார்கள் என்று எதிர்க்கேள்வி கேட்டார். அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததை எழுதிக் கேட்பதாகச் சொன்னாள்.

அடுத்த சந்தை நாளன்று, காலை எட்டு மணிக்கு, பவளத்தின் பூக்கூடைக்குப் பக்கத்தில் ராமப்பன் கைகட்டிக்கொண்டு நிற்பதை முனிலட்சுமி தூரத்திலிருந்தே பார்த்தாள். கிட்டப் போகவில்லை. ஒன்றரை மணி நேரம் நின்றார். கடைசியில் பவளத்திடம் ஒரு முழம் சாமந்தி வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரமே வரைபடத்தில் பின்சுவர் மாறியது.

அண்ணன் கங்கப்பனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ரோட்டு மேல ராஜா மாதிரி கடை இருக்க, படிக்கட்டுக்குப் பின்னால பொந்து வாங்கறேங்கற. மச்சான் வந்து கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

"நீ ஒரு நாளு என்னோட வந்து நின்னு பாருண்ணா. அதுக்கப்புறம் வேணாம்னா விட்டுடறன்."

"நான் எதுக்கு ரோட்டுல நிக்கணும்? எனக்கு வேற வேலை இல்லியா?"

போகவில்லை. கோபத்தில் அந்த ஒன்றாம் நம்பர் கடையை அவரே தன் பேரில் எடுத்துக்கொண்டார். யுகாதிக்கு நாலு நாள் முன்னால் அண்ணனும் தங்கையும் ஒரே மேஜையில் கையெழுத்துப் போட்டார்கள், பேசிக்கொள்ளாமல்.

கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் முனிலட்சுமிக்குப் பயம் வந்தது. நிலம் விற்ற பணம். தாலி கட்டினவன் ஊரில் இல்லை. கடிதத்தில் சம்மதம் என்று எழுதியிருந்தான்தான், ஆனால் ஐயாயிரம் மைல் தாண்டி வருகிற சம்மதம் எப்போதும் ஒரு பதினைந்து நாள் பழசு. ஒன்பது நாள் பார்த்ததை வைத்து ஒரு ஆயுசுக்கு முடிவு செய்துவிட்டோமோ என்று நினைத்தாள். பிறகு, ஒரு நாளும் பார்க்காமல் முடிவு செய்கிறவர்களே அதிகம் என்று தேற்றிக்கொண்டாள்.

சித்திரை பிறந்து சென்னப்பன் வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு, பெட்டியைப் பவளத்திடம் விட்டுவிட்டு, அவளோடு அந்தக் கட்டடத்துக்குள் நடந்தான். பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. வழியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனான், திரும்பி வந்தான்.

"அங்க இருந்ததைவிட இது அகலம் ஜாஸ்தி," என்றான்.

"நல்லதா, கெட்டதா?"

"தெரியலியே. இதை நீ அவருக்குத்தான் எழுதிக் கேக்கணும்."

தபால்காரர் என்ன செய்தார் என்று கேட்டாள். அவர் பங்கு வாங்கிவிட்டார் என்றான் சென்னப்பன். மாடிக்கு யாரும் ஏறுவதில்லை, மாடியை நம்பிப் பணம் போடவேண்டாம் என்று முனிலட்சுமி எழுதியிருந்ததை அவன் அப்படியே சொல்லியிருக்கிறான். தபால்காரர் ரொம்ப நேரம் யோசித்து, உன் மனைவி கெட்டிக்காரி, ஆனால் எனக்கு அந்தக் கட்டடத்தைப் பிடித்துப்போய்விட்டது என்று சொல்லிப் பாதிப் பணத்தைப் போட்டிருக்கிறார்.

ஆவணியில் காம்ப்ளெக்ஸ் திறந்தது. முனிலட்சுமி பதினோராம் நம்பர் கடையை வாடகைக்கு விடவில்லை, தானே நடத்தினாள். ஃபிளாஸ்க், டம்ளர், தட்டு, பாய், துண்டு, குழந்தைத் துணி, சோப்பு, சீப்பு, ஊக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வாங்குகிற சாமான்கள் மட்டும். முதல் இரண்டு மாதம் ஈ ஓட்டினாள், ஏனென்றால் ஜனங்களுக்கு உள்ளே வழி இருப்பதே தெரியவில்லை, பழக்கத்தில் சேற்றுச் சந்திலேயே போனார்கள். ஐப்பசி மழை வந்து சந்து குளமானதும்தான் கூட்டம் உள்ளே திரும்பியது. திரும்பினது திரும்பினதுதான். கார்த்திகைக்குள் அந்த வழியில் ஒரு டீக்கடையும், பவளத்தின் பூக்கடையும் வந்தன.

அண்ணன் கடையும் வீணாகப் போகவில்லை. ஒரு வருஷம் பூட்டிக் கிடந்து அவர் மனசை வாட்டியது உண்மைதான். அப்புறம் ஒரு ஸ்கூட்டர் ஷோரூம்காரன் வந்து எடுத்தான். ஸ்கூட்டர் வாங்குகிறவன் ரோட்டிலிருந்து பார்த்துத்தான் வருவான். முனிலட்சுமிக்கு அது தோன்றியதே இல்லை. வாடகை அவள் லாபத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். அண்ணன் அதை வந்து சொன்னபோது அவளுக்குப் பொறாமை வரவில்லை, எப்படி இதை விட்டோம் என்றுதான் இருந்தது. பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போய் ஷோரூமுக்கு எந்தெந்த ஊரிலிருந்து ஆள் வருகிறது என்று கேட்டு உட்கார்ந்திருந்தாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு சரியாயிற்று.

மாடிதான் காலியாகவே கிடந்தது. பதினாறு ஷட்டரில் பதிமூன்று இறங்கியே இருந்தன. ராமப்பன் அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் தடவுவார். முனிலட்சுமிக்கோ அதில் அக்கறை இருந்ததில்லை. மாடி என்றால் அப்படித்தான் என்று தீர்த்துவைத்திருந்தாள்.

எண்பத்தொன்பதில் தபால்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சென்னப்பன் படித்துச் சொன்னான். மார்ஸ்பரிக் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். ஒரு லிஃப்ட் வைத்தார்கள், அப்பவும் யாரும் ஏறவில்லை. பங்கு வாங்கியவர்கள் எல்லாம் பயந்துபோயிருந்தார்கள். பிறகு நகராட்சி அந்த மாடியில் பாதியை வாடகைக்கு எடுத்து நூலகத்தைக் கொண்டுவந்தது. அதன் பக்கத்தில் ஒரு பல் டாக்டர். இப்போது கிழவர் கிழவிகள்கூட லிஃப்டுக்குக் காத்திராமல் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள். உன் மனைவி சொன்னது அன்றைக்குச் சரி, இன்றைக்குச் சரியில்லை என்று எழுதி, பாதிப் பணத்தோடு நிறுத்தியதற்காக வருத்தப்படுவதாகவும் சொல்லியிருந்தார்.

முனிலட்சுமி அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். மறுநாள் கடையைச் சென்னப்பனிடம் விட்டுவிட்டு, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மாடிப்படியில் ஏறினாள். நடைபாதை முழுக்க சிமெண்டுத் தூசி. கோடியில் இருந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆஸ்பத்திரி காம்பவுண்டு அப்படியே கீழே தெரிந்தது. அங்கிருந்து ஒரு பெண் கையில் சீட்டோடு வெளியே வந்தாள், நின்றாள், யாரையோ கேட்டாள், அந்த ஆள் பாகலூர் ரோட்டுப் பக்கம் கை காட்டினான். அவள் பின்னால் இன்னொருவன், அவனும் சீட்டோடு, அவனும் அதே பக்கம். முனிலட்சுமி ஜன்னலை விட்டு நகராமல் நின்றாள். அரை மணியில் பதினான்கு பேர். இறங்கிப் போய், கடைசியாக வந்த அம்மாளை மறித்துக் கேட்டாள்.

"ரத்தம் பாக்கச் சொல்லியிருக்காங்கம்மா. இங்க மெஷின் ரிப்பேராம். வெளிய லேப்புக்கு ஒரு மைல் நடக்கணுமாம். காலையிலேந்து பச்சத் தண்ணி குடிக்கல."

அன்று மாலையே அவள் ராமப்பனிடம் போய் மாடி வாடகை என்ன என்று கேட்டாள். யாருக்கு என்றார். இன்னும் தெரியாது, ஆளைத் தேடவேண்டும் என்றாள். அவர் இந்தத் தடவை காரணம் கேட்கவில்லை. எந்த ஜன்னலிலிருந்து பார்த்தாய் என்று மட்டும் கேட்டார்.

ஆளைத் தேட நாலு மாதமாயிற்று. கிருஷ்ணகிரியில் ஒரு லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சின்னராஜ் என்கிற பையனுக்குச் சொந்தமாக வைக்க ஆசை, இடமும் முதலும் இல்லை. முனிலட்சுமி அவனோடு பங்கு சேர்ந்து மாடியில் இரண்டு கடையை எடுத்தாள். திறந்த அன்று காலையில் பதினொரு பேர் படியேறினார்கள். அவள் கீழே நின்று எண்ணினாள். பிறகு தானும் மேலே போனாள். மேஜைமேல் வட்டமாக ஒரு சின்ன மெஷின், உள்ளே ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களோடு விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. சின்னராஜ் ரசீது எழுதிக்கொண்டிருந்தான்.

"இது எதுக்குப்பா இப்படிச் சுத்துது?" என்று கேட்டாள் முனிலட்சுமி.

அவன் பேனாவை வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.